பாலன் குடிலில் ஒரு கிரேக்கக் குளம்

1

எங்கள் மின்தூக்கிக் கதவில் நேற்று மறுபடியும் அந்த மஞ்சள் அறிவித்தல். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டுக்னாட். கையுறை கொண்டு வரவும். கோப்பியும் வாஃபிளும் உண்டு. நான் வாசித்து முடிக்க முதலே பின்னால் நின்ற என் மனைவி ரெஜினா தொடங்கிவிட்டாள்.

"இந்த முறை நீங்கள் இலை மட்டும் கூட்டுங்கோ. ஒரு சாமானிலயும் கை வைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

கூட நின்ற சோமாலியப் பெண் களுக்கென்று சிரித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரியவும் தேவையில்லை. நோர்வேயில், ஒஸ்லோவின் ரொம்மனில் எங்கள் தொடர்மாடியில் டுக்னாட் என்ற சொல்லும் நானும் ஒரே இடத்தில் நின்றால் போதும், ஆட்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. போன வருடம் இலை கொட்டுகிற இதே நாட்களில் வெளியே வந்த கதை அது. ஊருக்குத் தொலைபேசியில் சொன்னால் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. ஆகையால் எழுதி வைக்கிறேன்.

டுக்னாட் என்றால் வேறொன்றுமில்லை, நம்முடைய சிரமதானம்தான். வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, கட்டடத்தில் இருக்கிற எல்லோரும் கீழே இறங்கி வளவைக் கூட்டுவார்கள், வேலிக்கு வர்ணம் பூசுவார்கள், நிலவறையில் சேர்ந்த குப்பையை வெளியே எடுப்பார்கள். வராதவரை யாரும் ஏசமாட்டார்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு மின்தூக்கியில் அவரோடு குளிரைப் பற்றிக்கூடக் கதைக்கமாட்டார்கள், அவ்வளவுதான். அகதியாக வந்து இறங்கிய எனக்கு இந்த நாட்டில் முதல் விளங்கிய சங்கதி இது. வரி அலுவலகக் கடிதம் விளங்கவில்லை, நகரசபைப் படிவம் விளங்கவில்லை, மண்வெட்டி விளங்கியது. அன்றிலிருந்து ஒரு டுக்னாட்டும் நான் தவறவிட்டதில்லை.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

2

நான் மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தவன். குடில் கட்டுவதில் நான் கொஞ்சம் கில்லாடி என்று மற்றவர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவது வழக்கம். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமசுக்கு, பாலன் குடில் கட்டும்போது மலை யாருக்கும் வரும். கடதாசியைக் கசக்கி மண் நிறம் அடித்தால் மலை. மாட்டுக் கொட்டிலும் வரும். குளம்தான் ஒருவனின் கைத்திறனைக் காட்டுகிற இடம்.

ஊரில் குளம் என்றால் கண்ணாடி. சுற்றிவர மணலைத் தூவி ஓரத்தை மறைத்தால் தண்ணீர் போலவே இருக்கும். பத்து வயதில் நான் அப்பாவின் சவரக் கண்ணாடியைக் குளமாக்கிவிட்டேன். அவர் வீடு முழுக்கத் தேடிவிட்டு, கண்ணாடி இல்லாமலே சவரம் செய்து, ஒரு கன்னத்தில் பாதித் தாடியோடு திருப்பலிக்குப் போனார். கோயிலில் சுவாமியார் சிரிப்பை அடக்கியதும், வீட்டுக்கு வந்து குடிலைப் பார்த்த அப்பா என்னை அடக்கியதும் இப்போதும் நினைவிருக்கிறது. குளத்துக்காகக் களவெடுக்கிற புத்தி எனக்கு அன்றே இருந்திருக்கிறது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னான ஒரு வசந்தகால டுக்னாட்டில் எனக்குக் கொடுத்த வேலை நிலவறை நடைபாதை. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் கம்பிவலை அடித்த ஒரு சின்னக் கூடு இருக்கும், சாமான் வைக்க. கூட்டுக்குள் இருப்பது உரிமையாளருடையது. நடைபாதையில் கிடப்பது குப்பை. அறிவித்தலில் தடித்த எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். தடித்த எழுத்தில் போட்டதை நான் மீறுவதில்லை.

ஒரு மூலையில், சாத்தி வைத்தபடி, தட்டையான ஒரு பலகைப் பெட்டி. மீன் பெட்டிக்கு அடிப்பது போலக் கரடுமுரடாக ஆணி அடித்திருந்தது. தூக்கும்போதே ஒரு பலகை கழன்றுவிட்டது. உள்ளே மஞ்சளாய்ப்போன பத்திரிகைத் தாள். தாளுக்குள் சுளகு அகலத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டத் தட்டு. நல்ல பாரம். நடுவில் ஒரு துளை, துளையைச் சுற்றி ஒட்டிய ஒரு காகிதத்தில் கிரேக்க எழுத்துகள். கிரேக்க எழுத்தை என் வாழ்க்கையில் நான் கண்டது பள்ளிக்கூடத்துக் கணிதப் புத்தகத்தில் மட்டும். ஆகையால் இது ஏதோ பொறியியலாளர்கள் கோணம் பார்க்கிற தட்டு என்று தீர்மானித்தேன். எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் ஒரு கிரேக்கப் பெண்மணி இருக்கிறார் என்பது என் மூளைக்குத் தெரியும். ஆனால் அது மூளையின் வேறொரு அறையில் இருந்தது.

பெட்டி குப்பைத் தொட்டிக்குப் போனது. தட்டு என் கமக்கட்டுக்குள் வீட்டுக்கு வந்தது.

"குப்பையைக் கீழ கொண்டுபோகச் சொன்னா, நீங்கள் மேல கொண்டு வாறியள்," என்றாள் ரெஜினா.

"குப்பையோ? இது குளமப்பா!"

ஒரு பக்கத்துக்கு மூன்று பூச்சு நீலம் அடித்தேன். அப்போது எட்டு வயதான என் மகள் ஸ்டெபி இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்துகளைப் பசை வைத்து ஒட்டினாள். ஒன்று சரியாக நீந்தியது, மற்றது கொஞ்சம் சரிந்து நின்றது. அந்த வருட நத்தாருக்குப் பஞ்சை விரித்து, அதன்மேல் குளத்தை வைத்து, கரைக்கு இன்னும் பஞ்சு. நோர்வேக் குடில் அல்லவா, பனி இருக்கத்தானே வேண்டும். லில்லெஸ்ட்ரோமிலிருந்தும் ஸ்ட்ரோம்மனிலிருந்தும் வந்த எங்கள் ஆட்கள் குனிந்து பார்த்து, "அன்ரன், இது என்ன தண்ணியே?" என்று கேட்டார்கள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

3

கீழ் வீட்டு எலேனிக்கு எழுபதுக்கு மேல் வயது. பார்த்தால் சொல்லமாட்டீர்கள். சிவப்புக் கண்ணாடிச் சட்டம், சிவப்புச் சப்பாத்து, படியேறும்போது பாட்டு. கிரேக்கத்தில் இராணுவ ஆட்சி நடந்த காலத்தில் இளம் பெண்ணாக இங்கே வந்தவர். நாங்கள் இருவரும் பேசுவது நோர்வேஜியன். ஆனால் அவருடைய நோர்வேஜியன் எனக்கும் என்னுடையது அவருக்கும் மட்டும்தான் முழுக்க விளங்கும். யோசித்துப் பார்த்தால் அவர் பேச்சு என் காதில் எப்போதும் நம்முடைய தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எலேனி பாடினால் ஐந்தாம் மாடியில் நாய் குரைக்கும். தொடக்கம் நன்றாகவே இருக்கும். மேலே ஏறவேண்டிய இடம் ஒன்று வரும், அங்கே அவர் ஒரு படி கீழேயே நின்றுகொண்டு, ஏறிவிட்டேன் என்ற மிதப்பில் நீட்டுவார். ரெஜினா எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவள். அவளால் அது தாங்காது. எழுந்து போய் எங்கள் வாசல் கதவை மெல்லச் சாத்துவாள்.

"என்ர அம்மா பாட்டுக்காரி, தெரியுமோ?" என்று எலேனி ஒருநாள் சொன்னார். "கிரேக்கத்தில பாட்டோட வந்த முதல் படங்களில ஒண்டில நடிச்சுப் பாடினவா. எனக்கு மூண்டு வயசில செத்துப்போனா. குரல் எப்பிடி இருந்தது எண்டு எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தா என்ர பெரியம்மா சொல்லுவா, பேசாமல் இரு, உன்ர அம்மான்ர மானத்தை வாங்காதை, உது உன்ர கொப்பன்ர சுருதி கேளாத காது எண்டு. அங்கை இருக்குமட்டும் நான் பாடவே இல்லை. இஞ்சை வந்துதான் பாடுறன். இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

உண்மைதான். நோர்வேக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தமிழர் கதவைச் சாத்துவார்கள்.

நான் குளத்தைக் கண்டெடுத்த அந்த வசந்தத்தில்தான் அவருடைய பெட்டி ஒன்றும் காணாமல் போயிருந்தது. படிக்கட்டில் துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தார்: 'மரப்பெட்டி ஒன்று காணவில்லை. என் அம்மாவுடையது.' நானும் வாசித்தேன். அம்மாவுடைய மரப்பெட்டி என்றதும் என் மனதில் வந்தது பூ வேலைப்பாடு செய்த நகைப்பெட்டி. ஆணி அடித்த மீன் பெட்டி மனதில் வரவே இல்லை. ஐயோ பாவம் என்று நின்று அனுதாபம் சொல்லிவிட்டு வந்தேன். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஓட்வார்தான் எறிந்துவிட்டார் என்று எலேனி முடிவுகட்டி, அன்றிலிருந்து அவரோடு பேச்சும் இல்லை, டுக்னாட்டுக்கு வருவதும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒவ்வொரு நத்தாருக்கும் தேன் வடியும் பலகாரத் தட்டோடு வருவார். குடிலுக்கு முன்னால் நின்று ரெஜினாவின் கேக்கைச் சாப்பிடுவார். "அந்தச் சரிஞ்ச வாத்துத்தான் எனக்கு விருப்பம்," என்பார்.

4

போன வருடம் கோடை முடிகிற நேரம் எலேனி எங்கள் கதவைத் தட்டவில்லை, குத்தினார். கையில் அச்சடித்த ஒரு மின்னஞ்சல்.

அம்மாவின் படம் கிடைத்துவிட்டது. கிட்டத்தட்ட நூறு வருடம் பழையது. வேறொரு நாட்டுத் திரைப்படக் காப்பகத்தில், வேறேதோ படத்தின் பெயர் எழுதிய தகரப் பேணிகளுக்குள், ஆறு சுருளும் சுருங்கி முறுகிக் கிடந்தனவாம். ஏதென்சில் மீட்பு வேலை செய்கிற ஒரு குழு அவற்றைக் கையால் துடைத்து, கிழிந்த இடமெல்லாம் ஒட்டி, ஒவ்வொரு படமாகக் கணினிக்குள் ஏற்றிப் புழுதியும் கீறலும் நீக்கியிருந்தது. ஒஸ்லோவிலும் ஒரு காட்சி வைக்கப்போகிறார்கள். படத்தின் கிரேக்கப் பெயர் என் வாய்க்குள் அடங்கவில்லை. எலுமிச்சம்பழம் விற்கிற பெண் ஒருத்தியின் கதை என்பதால் எங்கள் வீட்டில் அது எலுமிச்சம்பழப் படம்.

எலேனியைக் கௌரவ விருந்தினராக அழைக்க, அவர் அந்த நடிகையின் மகள்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். மூன்று நாட்டுக் கடதாசி, மூன்று விதமாக எழுதிய பெயர். இந்த விசயத்தில் நான் ஒரு பேராசிரியர். என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, என் பெயரை நடுவில் போட்டு, ஊர்ப் பெயரால் என்னைக் கூப்பிட்ட அலுவலகங்களை எல்லாம் கடந்து வந்தவன் அல்லவா? ஒரு பின்னேரம் இருந்து எல்லாப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தேன்.

எழுதி முடித்தபின்தான் எலேனி மின்னஞ்சலின் கடைசிப் பந்தியைக் காட்டினார். அந்தக் காலத்தில் பாட்டு படச்சுருளில் இல்லையாம். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு இசைத்தட்டு. படம் ஓட ஓடப் பக்கத்தில் தட்டைச் சுழலவிடுவார்களாம். ஆறு தட்டில் ஐந்து கிடைத்துவிட்டது. நாலாவது இல்லை. அவருடைய அம்மா வருவதும் பாடுவதும் நாலாவது சுருளில் மட்டும்தான்.

"அது என்னட்டை இருந்தது, அன்ரன்," என்றார். முகம் சிவந்துவிட்டது. "பெரியம்மா தந்தவா, அம்மான்ர எண்டு. ஒரு மெசினிலயும் போடேலாத அளவு. என்னெண்டு தெரியாமலே கீழ வைச்சிருந்தனான். கூட்டைக் கூட்டுறதுக்கு ஒரு கால் மணித்தியாலம் நடைபாதையில வைச்சன். அந்த ஓட்வார் கொண்டுபோய்க் குப்பையில போட்டான்!"

"அவன் ஒரு மனுசனே!" என்றேன் நான். மனமாரச் சொன்னேன். இசைத்தட்டு என்றால் எனக்குத் தெரிந்தது ஊரில் ஒலிபெருக்கிக்காரர் வைத்திருந்த சின்னத் தட்டுகள்தான். அரை மணித்தியாலம் இருவரும் சேர்ந்து ஓட்வாரைத் திட்டினோம்.

5

கார்த்திகை மாத ஞாயிறு பின்னேரம், நகரின் நடுவில் ஒரு சின்னத் திரையரங்கு. எலேனி முன்வரிசையில். அடுத்த வரிசையில் நான், ரெஜினா, ஸ்டெபி. ஸ்டெபிக்கு இப்போது இருபது வயதாகிறது. லில்லெஸ்ட்ரோமில் நண்பிகளோடு தனி வீடு, படிப்பு ஒலித் தொழில்நுட்பம். நான் தமிழில் கேட்டால் நோர்வேஜியனில் பதில். குடில் கட்ட வாவென்றால் பரீட்சை. ஆனால் பழைய படம், பழைய ஒலி என்றதும் வந்துவிட்டாள்.

என்ன சொல்ல, அப்படி ஒரு கும்மாளம்! ரிக்கற் வாங்காமல் டிராமில் ஏறுகிற எலுமிச்சம்பழக்காரி, அவளைப் பிடிக்க ஓடுகிற நடத்துநர், உருளுகிற பழங்கள், பழத்தில் சறுக்கி விழுகிற பொலிஸ்காரர். அரங்கில் பாதிப்பேர் கிரேக்கர்கள், அவர்கள் பாட்டோடு சேர்ந்து பாட, மற்றப் பாதி நோர்வேக்காரர் எப்போது கைதட்டலாம் என்று தெரியாமல் எல்லா இடத்திலும் தட்டினார்கள். ரெஜினா கண்ணீர் வரச் சிரித்தாள்.

நாலாவது சுருள் வந்தது. ஒரு மொட்டைமாடி, காயப்போட்ட வெள்ளைச் சீலைகள், நடுவில் ஒரு பெண். எலேனியின் அதே மூக்கு. வாய் திறந்தது. சத்தம் இல்லை. முன்னால் ஒருவர் மெதுவாகப் பியானோ வாசித்தார். திரையில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, கைகளை விரித்து, உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் எலேனியின் தலை அதே மாதிரி நிமிர்ந்தது.

படம் முடிந்து, ஏதென்சிலிருந்து வந்திருந்த மீட்புக் குழுப் பெண் மேடைக்கு வந்தார். "எங்களிடம் இல்லாத தட்டு இப்படித்தான் இருக்கும்," என்று சொல்லி, ஐந்தாவது தட்டை உறையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக் காட்டினார். கழுத்தில் தொடங்கி இடுப்பு வரை இருந்தது. கன்னங்கரேலென்று. சுளகு அகலம். நடுவில் துளை, துளையைச் சுற்றிக் கிரேக்க எழுத்து.

மெல்லத் திரும்பி ஸ்டெபியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் தமிழில். "எங்கட குளம்."

பிள்ளை இரண்டு வருடத்துக்குப் பிறகு தானாகத் தமிழில் பேசிவிட்டாளே என்று அந்த ஆபத்திலும் ஒரு கணம் சந்தோசப்பட்டேன். அதற்குள் ரெஜினாவுக்கும் விளங்கிவிட்டது. "மாதாவே!" என்று என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

வீட்டுக்குச் சுரங்க ரயில். எலேனியும் எங்களோடுதான் வந்தார், கையில் பூங்கொத்து, வாயில் எலுமிச்சம்பழப் பாட்டு. இடையிடையே பாட்டை நிறுத்தி ஓட்வாரைத் திட்டினார். "நீ ஏன் ஒண்டும் சொல்லுறாய் இல்லை, அன்ரன்?" என்று கேட்டார். எனக்குத் தலையிடி என்றேன்.

ரொம்மனில் இறங்கியதும், சாமான் எடுக்கவேண்டும் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூவரும் நிலவறைக்கு ஓடினோம். குடில் பெட்டியில் மலைக்கும் மாட்டுக்கும் கீழே, பஞ்சில் புதைந்து, குளம் கிடந்தது. ஸ்டெபி இரு கையாலும் தூக்கித் திருப்பினாள். கீழ்ப்பக்கத்தில் அந்தக் காகிதம் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மயிரிழை போல நுண்ணிய கோடுகள், கோடு முழுக்கப் பஞ்சு, ஓரத்தில் மேலிருந்து மெழுகுதிரி வழிந்து இறங்கிய ஒரு தழும்பு.

"நீலம் அடிச்ச பக்கத்திலயும் கோடு இருந்ததோ?" என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. மூன்று பூச்சு அடித்தது ஞாபகம் இருந்தது, எதன்மேல் அடித்தேன் என்பது இல்லை.

ரெஜினா கைலேஞ்சியில் துப்பி நனைத்துப் பஞ்சைத் துடைக்கப் போனாள். "மம்மா, நை, வேண்டாம்!" என்று ஸ்டெபி போட்ட சத்தத்தில் நிலவறையே அதிர்ந்தது. "ஒருத்தரும் தொடாதேங்கோ! ஒரு விரல் பட்டாலும் காணும், அந்தப் பாட்டு போயிடும்!"

6

துவாயில் சுற்றி எலேனியின் மேசையில் வைத்தோம். எப்படிச் சொல்வது என்று படியேறும்போது ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. "எலேனி, உங்கட பெட்டியை எறிஞ்சது ஓட்வார் இல்லை. நான்," என்றேன். "பெட்டியை மட்டும்தான் எறிஞ்சனான்."

துவாயை விலக்கினேன். நீலக் குளம், இரண்டு வாத்து.

அவர் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஸ்டெபி தட்டை நிமிர்த்திப் பின்பக்கத்தைக் காட்டினாள். எலேனி குனிந்து அந்தக் காகிதத்தை வாசித்தார். கிரேக்கத்தில் ஒரு சொல் சொன்னார், பிறகு எங்களைப் பார்த்து, "நாலு," என்றார்.

பிறகு மறுபடியும் முன்பக்கத்து வாத்துகளைப் பார்த்தார்.

"பதினொரு நத்தார்," என்றார். "பதினொரு நத்தார் நான் இதுக்குப் பக்கத்தில நிண்டு கேக் சாப்பிட்டிருக்கிறன்." அழப்போகிறார் என்று நினைத்தேன். திடீரென்று கன்னத்தில் இரண்டு கையையும் வைத்து, "ஐயோ, ஓட்வார்!" என்று அலறினார். "அந்தப் பாவி மனுசனோட நான் கதைக்கவே இல்லையே!"

உடனே புறப்பட்டுவிட்டார். ஏழாம் மாடிக்கு, என்னையும் கையில் இழுத்துக்கொண்டு. ஓட்வார் கதவைத் திறந்தார், கம்பளிக் காலுறையோடு. எலேனி மன்னிப்புக் கேட்டார், நான் மன்னிப்புக் கேட்டேன், குளத்தின் கதையை இருவரும் ஒரே நேரத்தில் எங்கள் எங்கள் நோர்வேஜியனில் சொன்னோம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "அப்ப இனி டுக்னாட்டுக்கு வருவீங்கள்?" என்று எலேனியிடம் கேட்டார்.

வேறொன்றும் கேட்கவில்லை.

7

தட்டை அனுப்புவதற்கு ஏதென்சிலிருந்து ஒரு படிவம் வந்தது. 'பொருள் இதுவரை எவ்வாறு பேணப்பட்டது?' என்று ஒரு கேள்வி. ஸ்டெபி எழுதினாள்: படுக்கையாக, பஞ்சின்மேல், கீழ்ப்பக்கம் ஒளி படாமல். மேற்பரப்பில் இரண்டு வாத்துகள். எழுதும்போது அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனுசியிடம் அம்மாவின் குரல் என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அதற்கு நான் வர்ணம் அடித்திருக்கிறேன்.

அந்த நத்தாருக்குக் குளம் இருந்த இடத்தை வெறுமையாக விட்டேன். கண்ணாடி வைக்க மனம் வரவில்லை. குடில் கட்ட ஸ்டெபி வந்தாள், பரீட்சை இருந்தும் வந்தாள். எலேனி தேன் பலகாரத்தோடு வந்து, வெறும் பஞ்சைப் பார்த்து நின்று, என் தோளில் தட்டினார். சட்டத்துக்கு இவ்வளவு பயந்து இந்த நாட்டில் வாழ்கிறவன் நான். ஆனால் அந்த மாதங்களில் இருந்த பயம் வேறு. கோயிலில் முழங்காலில் நின்று ஒரு தட்டுக்காக மன்றாடினேன்.

பங்குனியில் ஒரு சின்ன உறை வந்தது. நான்தான் உடைத்தேன். உள்ளே எங்கள் வாத்துகள், தனித்தனிப் பையில், ஒரு கடதாசியோடு: 'வாத்து, பிளாஸ்டிக், மஞ்சள், இரண்டு. உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்கப்படுகிறது.' தட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ரெஜினா கதிரையில் இருந்துவிட்டாள். தட்டு போய்விட்டது, வாத்தாவது மிஞ்சட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தோம்.

இரண்டு நாள் கழித்து, ஏதென்சிலிருந்து மின்னஞ்சல் கிடைத்து, ஸ்டெபி தொலைபேசியில் கத்தினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. தமிழ் பாதி, நோர்வேஜியன் பாதி, மிச்சம் அழுகை. மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. அந்தக் காலத்துத் தட்டுகளில் பாட்டு ஒரு பக்கத்தில் மட்டும்தானாம். நான் நீலம் அடித்தது வெறும் பக்கம். பாட்டு இருந்த பக்கம் பதினொரு வருடமும் பஞ்சில் குப்புறப் படுத்து நித்திரை கொண்டிருக்கிறது!

8

பாட்டோடு சேர்த்து ஏதென்சிலிருந்து அனுப்பிய நாலாவது சுருளைப் போட்டுப் பார்க்க, எலேனியின் வரவேற்பறையில் ஸ்டெபி ஒலிபெருக்கிகளைப் பூட்டினாள். ஓட்வாரும் வந்திருந்தார், வாஃபிள் சுட்டு எடுத்துக்கொண்டு. எலேனி சோபாவின் நுனியில் இருந்தார், சிவப்புச் சப்பாத்து இரண்டும் நிலத்தில் இறுக ஊன்றி.

முதலில் மழை பெய்வது போல இரைச்சல். பிறகு வயலின்கள். பிறகு ஒரு பெண் குரல், நான் நினைத்ததைவிடக் கனமாக, அடித் தொண்டையிலிருந்து. எலேனியின் கை வாயை மூடியது. திரையில் அதே மொட்டைமாடி, அதே சீலைகள். இப்போது அந்தப் பெண் சத்தமாகப் பாடினாள், எங்களுக்கே பாடுவது போல. ஓரிடத்தில் டிக் என்று ஒரு வெட்டு. அது மெழுகு. ரெஜினா என்னை முறைத்தாள்.

பாட்டு மேலே ஏறத் தொடங்கியது. திரையில் தலை நிமிர்ந்தது, கைகள் விரிந்தன. ஏறவேண்டிய இடம் வந்தது.

அந்தப் பெண் ஏறவில்லை. ஒரு படி கீழேயே நின்றுகொண்டு, ஏறிவிட்டேன் என்ற மிதப்பில், நீட்டினாள்.

பாடகர் குழுக்காரி ரெஜினாதான் முதல் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு நான். எலேனி எழுந்து நின்றுவிட்டார். "திருப்பிப் போடு," என்றார் ஸ்டெபியிடம். திருப்பிப் போட்டாள். அதே இடம், அதே படி, அதே மிதப்பு. மேலே ஐந்தாம் மாடியில் நாய் குரைத்தது.

"அவா பிழையாப் பாடுறா!" என்று எலேனி கூவினார். கண்ணிலிருந்து கொட்டுகிறது, வாய் முழுக்கச் சிரிப்பு. "கேட்டனியளே? என்ர அம்மா பிழையாப் பாடுறா! இது அப்பான்ர காது இல்லை! பெரியம்மா பொய் சொல்லிப்போட்டா! இது அம்மான்ர, அம்மான்ர, முழுக்க அம்மான்ர!"

ரெஜினாவைக் கட்டிப்பிடித்தார், ஓட்வாரைக் கட்டிப்பிடித்தார். அந்த மனுசன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாஃபிள் தட்டை உயரப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பின்னேரம் பாட்டைப் பதினேழு தடவை போட்டோம். கடைசித் தடவைகளில் அம்மாவும் மகளும் சேர்ந்து பாடினார்கள், சேர்ந்தே பிழைவிட்டார்கள்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் எலேனியின் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது. டுக்னாட்டுக்குக் கையுறை வாங்கப் போய்விட்டு வருகிறார் போலிருக்கிறது. பாட்டும் தொடங்கிவிட்டது. ரெஜினா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வழக்கம்போலக் கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதை அகலத் திறந்துவிட்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"என்னப்பா, குளிர் வருது," என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள். "அந்த இடம் வரப்போகுது."